கோடு ஒட்டாத தெரு: திறந்த வரைபடம் பற்றி வாசகர் கேள்விகள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். இன்று பல செயலிகளுக்கும் பேரிடர் மீட்புப் பணிகளுக்கும் அடியில் இருப்பது அந்தத் தரவுதான். அதில் புதிதாக வரையத் தொடங்கியவர்களும் பல ஆண்டுகளாக வரைபவர்களும் எங்களுக்குக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: புதியவர் செய்யும் பிழையை எப்படிப் பிடிப்பது, பிடித்த பின் அவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரே இரவில் 40 தெருக்களை வரைந்து சேமித்தேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர், "பல சாலைகள் இணையவில்லை, பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். என் கண்ணுக்கு எல்லாம் இணைந்துதான் தெரிகின்றன. வரைவதை நிறுத்திவிடட்டுமா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

நிறுத்த வேண்டாம். நீங்கள் வரைந்த 40 தெருக்களும் அப்படியே இருக்கின்றன. அவர் எதையும் அழிக்காமல் உங்களிடம் சொல்லியிருக்கிறார், அது நல்ல வழக்கம்.

அவர் சொன்னதும் சரி, உங்கள் கண்ணுக்குத் தெரிவதும் சரி. திரையில் தெரு ஒரு பட்டையாகத் தெரியும். தரவில் அது அகலமே இல்லாத கோடு. கோட்டின் முனை அடுத்த சாலைக்கு அரை மீட்டர் முன்னால் நின்றுவிட்டால், அந்த இடைவெளி பட்டையின் அடியில் மறைந்துபோகும். வழிகாட்டும் செயலி பட்டையைப் பார்ப்பதில்லை. இரண்டு கோடுகளுக்கும் பொதுவாக ஒரு புள்ளி உண்டா என்று மட்டும் பார்க்கும். பொதுப்புள்ளி இல்லையென்றால் உங்கள் தெரு அதற்கு முட்டுச்சந்து. ஆம்புலன்ஸ் ஓட்டுநரை ஊரைச் சுற்றி அனுப்பும், அல்லது அந்தத் தெருவுக்கு வழியே இல்லை என்று சொல்லிவிடும்.

உலாவியில் திறக்கும் ஐடி என்ற தொகுப்பியில் வரைந்திருந்தால் சரிசெய்வது எளிது. தெருவின் முனையை முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். முனைப்புள்ளியை இழுத்து முதன்மைச் சாலைக் கோட்டின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். சேமிக்கும் முன் வலப்பக்கம் உள்ள சிக்கல்கள் பட்டியலைத் திறங்கள். "கிட்டத்தட்டத் தொடுகிறது", "குறுக்கே போகிறது" என்ற பொருளில் வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகே சேமியுங்கள். இந்தப் பட்டியலைத் திறக்காமலே சேமிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

ஓர் எச்சரிக்கை. இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் மேம்பாலத்தையும் அடியில் போகும் சாலையையும் இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாலத்தின் நடுவில் "இடப்பக்கம் திரும்பவும்" என்று செயலி சொல்லும். பாலத்தில் செல்லும் பகுதியை மட்டும் வெட்டிப் பிரித்து, அதற்குப் 'பிரிட்ஜ்=யெஸ்', 'லேயர்=1' என்ற குறிச்சொற்களை, அதாவது அது என்ன வகை என்று சொல்லும் சிறு குறிப்புகளைக் கொடுங்கள். அடியில் உள்ள சாலையோடு பொதுப்புள்ளி வேண்டாம். ரயில்பாதையைச் சாலை தரைமட்டத்தில் கடக்கும் இடத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே பொதுப்புள்ளி கட்டாயம் வேண்டும், அந்தப் புள்ளிக்கு லெவல் கிராசிங் என்ற குறிச்சொல்லும் வேண்டும்.

முடித்ததும் அவருக்கு "சரிசெய்துவிட்டேன், நன்றி" என்று பதில் எழுதுங்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அவருக்கும், அடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கும் தெரிய வேண்டும்.

கேள்வி: மதுரை மாவட்டத்தில் சில ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். புதியவர்களின் திருத்தங்களில் தினமும் பிழை பார்க்கிறேன். எதை உடனே திருத்துவது, எதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது? எழுதினால் பெரும்பாலோர் பதிலே தருவதில்லை.
— வாசகர், மதுரை

முதலில், தற்செயலாகக் கண்ணில் படுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஓஎஸ்எம்சா என்ற தளத்தில் உங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கோடு நுழைந்து, உங்கள் பகுதியைப் பெட்டி போட்டு வடிகட்டியாகச் சேமியுங்கள். அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு சேஞ்ச்செட்டும், அதாவது ஒருமுறை சேமித்த மாற்றங்களின் தொகுப்பும், பட்டியலில் வரும். புதியவர் செய்தது, ஒரே நேரத்தில் நிறைய அழித்தது போன்றவற்றை அந்தத் தளமே அடையாளம் காட்டும். ஐடி தொகுப்பியில் சேமிக்கும்போது "என் திருத்தத்தை யாராவது பார்த்தால் நல்லது" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் குறியிட்டவர்களை மட்டும் தனியாக வடிகட்டவும் முடியும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். உதவி வேண்டும் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்கு ஒரு மாதம் யாரும் பதில் சொல்லாமல் இருப்பது நம் பக்கத்துக் குறை.

எதை உடனே திருத்துவது? தேசிய நெடுஞ்சாலை துண்டாகியிருக்கிறது, மாவட்ட எல்லைக் கோட்டின் ஒரு புள்ளி 5 கிலோமீட்டர் தள்ளி இழுபட்டிருக்கிறது, மருத்துவமனை அழிந்திருக்கிறது என்றால் முதலில் திருத்துங்கள், பிறகு சொல்லுங்கள். கட்டட மூலை செங்கோணமாக இல்லை, கடைக்குத் தவறான வகை கொடுத்திருக்கிறார், தெரு தவறான தரத்தில் இருக்கிறது என்றால் முதலில் சொல்லுங்கள். ஒரு வாரம் பொறுத்து, பதில் வராவிட்டால் நீங்களே திருத்துங்கள். சின்னப் பிழையைச் சொல்லாமல் திருத்திக்கொண்டே போனால் அவர் அதே பிழையை இன்னும் 200 இடங்களில் செய்வார், அத்தனையையும் நீங்கள்தான் துடைக்க வேண்டிவரும்.

இனி எழுதும் விதம். "தவறு. விக்கியைப் படிக்கவும்." இப்படி எழுதினால் பதில் வராததில் வியப்பில்லை. விக்கி என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உதவித் தளம். அதில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். எந்தப் பக்கம், எந்தப் பொருள், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வாருங்கள். நீங்கள் சேர்த்த தெருப் பெயர்கள் இதுவரை வரைபடத்தில் இல்லாதவை, மிக்க நன்றி. ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே உள்ள மூன்றாவது தெரு முதன்மைச் சாலையைத் தொடாமல் நிற்கிறது. நேரிலும் அப்படித்தானா, குறுக்கே சுவர் ஏதும் உண்டா? இல்லையென்றால் தெருவின் முனைப்புள்ளியைச் சாலைக் கோட்டின் மேல் இழுத்துவிட்டால் சேர்ந்துவிடும். சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்."

இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன. அவர் செய்ததில் எது பயன்பட்டது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறீர்கள். ஒரே ஒரு பிழையை, இடம் சுட்டிச் சொல்கிறீர்கள். சரிசெய்யும் வழியை அந்த இடத்திலேயே தருகிறீர்கள். இவற்றைவிட முக்கியம் சுவரைப் பற்றிய கேள்வி. செயற்கைக்கோள் படத்தில் வேப்பமர நிழலுக்கு அடியில் சுவர் இருப்பது உங்களுக்குத் தெரியாது, அந்தத் தெருக்காரருக்குத் தெரியும். பிழை உங்களுடையதாகவும் இருக்கலாம். பத்துப் பிழை இருந்தாலும் முதல் மடலில் ஒன்றையோ இரண்டையோ சொல்லுங்கள். பத்தையும் அடுக்கினால் அவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருத்து எழுதினால் அது அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகிறது. பலருக்கு அது ஸ்பேம் பெட்டியில் விழுகிறது. செல்போன் செயலி வழியாகத் திருத்துகிறவர், இப்படி ஒரு உரையாடல் நடப்பதையே அறியாமல் இருக்கலாம். ஆகவே மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் எழுதி, அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி சேருங்கள். சொந்த மொழியில் வரும் மடலைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர் குறைவு.

பெல்ஜியத்தில் இதை ஓர் ஒழுங்காகவே செய்கிறார்கள். அங்கே முதல்முறை திருத்தியவர்களின் பட்டியலைத் தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அவர் திருத்தத்தைப் பார்த்துவிட்டு வரவேற்பு மடல் அனுப்புகிறார்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேர் முன்வந்தால் இங்கும் முடியும்.

கேள்வி: எங்கள் ஊர் வரைபடத்தில் "அத்தை வீடு" என்று ஒரு புள்ளி இருக்கிறது. அழித்துவிடலாமா?
— வாசகர், தேனி

அழிக்கலாம். ஆனால் அழிக்கும் முன் அந்தப் புள்ளியை வைத்தவருக்கு ஒரு வரி எழுதுங்கள். இதே தரவைக் காட்டும் மேப்ஸ்.மீ என்ற வரைபடச் செயலியில் 2016-இல் திருத்தும் வசதி வந்தபோது உலகம் முழுவதும் இப்படிப்பட்ட புள்ளிகள் பெருகின. தன் போனில் மட்டும் தெரியும் அடையாளக்குறி என்று நினைத்து, எல்லாருக்கும் தெரியும் பொது வரைபடத்தில் எழுதிவிடுகிறார்கள். "இது உலகத்துக்கே தெரிகிறது, உங்கள் அத்தையின் நலனுக்காக எடுத்துவிடுகிறேன். உங்களுக்கு மட்டும் வேண்டுமென்றால் செயலியின் புக்மார்க்கில் வையுங்கள்" என்று எழுதினால் போதும். கட்டடம் இருக்கலாம், கதவு எண் இருக்கலாம், குடியிருப்பவர் பெயர் கூடாது.

கேள்வி: ஆங்கிலத்தில் உள்ள ஊர்ப் பெயர்களைத் தமிழாக மாற்றினேன். ஒருவர் பழையபடி ஆங்கிலமாக்கிவிட்டார். தமிழ்நாட்டு வரைபடத்தில் தமிழ் இருக்கக் கூடாதா?
— ஆசிரியர், திருநெல்வேலி

கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கென்று தனி இடமே இருக்கிறது. 'நேம்' என்ற பொதுப்புலத்தில் ஆங்கிலப் பெயரை வைப்பது இந்தியாவில் உள்ள வழக்கம். தமிழுக்கு 'நேம்', முக்காற்புள்ளி, 'டிஏ' என்று தனிப்புலம் உண்டு. இலங்கையில் சிங்களத்துக்கு 'எஸ்ஐ', தமிழுக்கு 'டிஏ', ஆங்கிலத்துக்கு 'இஎன்' என மூன்றையும் நிரப்புகிறார்கள். தமிழில் காட்டும் செயலி அந்தத் தமிழ்ப் புலத்திலிருந்துதான் எடுக்கும். ஆங்கிலத்தை அழித்துத் தமிழை எழுதினால் ஒன்று கிடைத்து ஒன்று போகிறது. தனிப்புலத்தில் எழுதினால் இரண்டும் நிலைக்கும். உங்கள் மாற்றத்தைத் திருப்பியவர் தமிழை அங்கே எடுத்து வைத்துவிட்டுத் திருப்பியிருக்க வேண்டும். அதை அவரிடம் கேளுங்கள், நியாயமான கேள்விதான்.

தமிழ்ப் பெயர் சேர்க்கும் வேலையில் பெரிய கேடு, ஆங்கிலத்தைக் கணினியில் போட்டு மொத்தமாக எழுத்துப்பெயர்ப்பது. 'கில்பாக்' என்று வரும், ஊர் கீழ்ப்பாக்கம். 'எக்மோர்' என்று வரும், ஊர் எழும்பூர். ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் கலந்துவிடுவதால் சிற்றூர்ப் பெயர்களில் எது சரி என்று வெளியூர்க்காரரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஊராட்சி அலுவலகப் பலகை, ரயில் நிலையப் பலகை, பள்ளிப் பெயர்ப்பலகை ஆகியவற்றை நேரில் பார்த்து எழுதுங்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஆணை வந்த அன்றே வரைபடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதுமான பாடம். பலகை மாறட்டும், பிறகு நாம் மாற்றலாம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் 40 மாணவர்களைக் கொண்டு இரண்டு மணி நேர மேப்பத்தான் நடத்தினோம். கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டன, பல கோணலாக இருக்கின்றன என்று பின்னர் முறைப்பாடு வந்தது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?
— விரிவுரையாளர், மட்டக்களப்பு

உங்கள் ஊருக்கு இதில் ஒரு முன்கதை இருக்கிறது. உலக வங்கியின் ஓப்பன் சிட்டிஸ் திட்டத்தில், 2012 இறுதியில் தொடங்கி, மண்முனை வடக்குப் பிரிவில் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் வரையப்பட்டன. ஆகவே உங்கள் மாணவர்கள் வரையும் இடங்கள் பலவற்றில் ஏற்கனவே கட்டடம் இருக்கும். தரவு முழுதாக இறங்கும் முன்பே வரையத் தொடங்கினால் ஒன்றன்மேல் ஒன்று விழும். இணைப்பு மெதுவான ஆய்வுகூடத்தில் இது நிச்சயம் நடக்கும். "பழைய கோடுகள் திரையில் தெரிந்த பிறகே முதல் கிளிக்" என்பதைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

பழைய கட்டடம் சற்று விலகியோ கோணலாகவோ இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக வரைய விடாதீர்கள். மாடி எண்ணிக்கை, பயன்பாடு என்று யாரோ நடந்து சேகரித்த விவரம் அதோடு சேர்ந்து போய்விடும், அதன் வரலாறும் அறுந்துவிடும். புள்ளிகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஜோசம் என்ற கணினி மென்பொருளில் யூட்டில்ஸ்பிளகின்2 என்ற துணை நிரலை நிறுவியிருந்தால், புதிய வடிவத்தை வரைந்து, பழையதையும் சேர்த்துத் தேர்ந்து, கன்ட்ரோல், ஷிப்ட், ஜி மூன்றையும் அழுத்துங்கள். வடிவம் மட்டும் மாறும், விவரமும் வரலாறும் நிற்கும்.

கோணலுக்கு மருந்து ஒரே விசை. கட்டடத்தைத் தேர்ந்து க்யூ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். ஐடி, ஜோசம் இரண்டிலும் அதே விசைதான். உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்து தெரியும். கூரையின் விளிம்பை வரைந்து, முழு வடிவத்தையும் அடித்தளத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

நடத்தும் முறையிலும் சில மாற்றங்கள் வேண்டும். கணக்குகளை முந்தைய நாளே வீட்டில் திறந்து வரட்டும். ஒரே இணைப்பிலிருந்து 40 பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் தடை வரக்கூடும். புதிய கணக்கு ஒரு மணி நேரத்தில் செய்யும் மாற்றங்களுக்கும் வரம்பு உண்டு. நான்கு மூலைக் கட்டடம் ஒன்று, 4 புள்ளியும் 1 கோடுமாக 5 மாற்றமாகக் கணக்கிடப்படும். ஆகவே வேகப் போட்டி வைக்காதீர்கள், பரிசும் எண்ணிக்கைக்கு வேண்டாம். அன்றைக்குக் கட்டடம் மட்டும், அல்லது சாலை மட்டும், இரண்டும் வேண்டாம். ஒவ்வொருவரும் முதல் 10 கட்டடங்களை வரைந்ததும் எல்லாரும் கையை எடுக்க வேண்டும். 6 முதல் 8 பேருக்கு ஒருவர் என்று அனுபவமுள்ளவர்கள் பக்கத்தில் வந்து அந்தப் பத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 15 நிமிடம் செலவழித்தால் பிறகு ஒரு வாரத் துப்புரவு வேலை தவிரும்.

2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின், பேரிடர்ப் பகுதிகளை வரைவதற்கென்று உருவான ஹாட் அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் என்ற தளத்தில் வேலையைப் போட்டால், பரப்பு கட்டங்களாகப் பிரியும், ஒரு கட்டத்தை ஒருவரே எடுத்துப் பூட்டிக்கொள்ள முடியும், இரண்டு மணி நேரத்தில் பூட்டு தானாகத் திறந்துவிடும். ஒருவர் முடித்த கட்டத்தை வேறொருவர் சரிபார்த்து ஏற்பார் அல்லது திருப்புவார். திருப்பும்போது காரணம் எழுதாமல் திருப்பக் கூடாது என்று உங்கள் சரிபார்ப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எல்லா சேஞ்ச்செட் குறிப்பிலும் ஒரே ஹேஷ்டேக் இருக்கட்டும். முறைப்பாடு வந்தால் 40 மாணவர்களைத் தனித்தனியாகத் துரத்தாமல் உங்களிடமே வருவார்கள்.

கேள்வி: ஒருவர் எங்கள் ஊரின் அத்தனை வீடுகளையும் 8 மீட்டர் மேற்கே நகர்த்திவிட்டார். படத்தோடு பொருந்தவில்லையாம்.
— வாசகர், குன்னூர்

மலைப்பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. செயற்கைக்கோள் படம் சரிவுகளில் சில மீட்டர் விலகி உட்காரும், பிங், எஸ்ரி என்று படம் தருபவர்கள் வேறு வேறு, பிங் படம் ஒரு பக்கமும் எஸ்ரி படம் வேறு பக்கமும் விலகலாம். வீடுகள் சரியாக இருந்தன, படம்தான் தள்ளி இருந்தது. ஜிபிஎஸ் தடங்களைப் பின்னணியில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பல பேர் நடந்த, ஓட்டிய தடங்களின் நடுப்பகுதியே சாலையின் இடம். தொகுப்பியில் பின்னணிப் படத்தை நகர்த்தும் வசதி இருக்கிறது. முதலில் படத்தைத் தடத்தோடு பொருத்திவிட்டு வரைய வேண்டும். அவருக்கு இதைக் காட்டிவிட்டு அந்த ஒரு சேஞ்ச்செட்டை ஜோசமின் ரிவர்ட்டர் என்ற துணை நிரலைக் கொண்டு திருப்புங்கள். தாமதிக்காதீர்கள். நடுவில் மற்றவர்கள் அதே வீடுகளைத் திருத்தினால் முரண்பாடு வந்து, ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய நேரும்.

கேள்வி: கூகுள் மேப்பில் பார்த்துப் பெயர்களை எழுதலாமா?
— வாசகர், ஈரோடு

கூடாது. அவர்களுடைய உரிமம் அதற்கு இடம் தரவில்லை. கண்டுபிடித்தால் மொத்தமாக நீக்கப்படும், உங்கள் உழைப்பும் போகும். நேரில் பார்த்ததையும், அனுமதியுள்ள படங்களில் தெரிவதையும் மட்டுமே எழுதுங்கள்.

கேள்வி: எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் கேட்பதில்லை. சாலைகளை அழித்துக்கொண்டே இருக்கிறார். என்ன வழி?
— வாசகர், சேலம்

எழுதிய மடல்களையும் அவருடைய சேஞ்ச்செட் எண்களையும் தொகுத்துத் தரவுப் பணிக்குழுவுக்கு அனுப்புங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் கீழ் இயங்கும் தன்னார்வலர் குழு அது. அவர்கள் கையில் பூஜ்ய மணி நேரத் தடை என்று ஒன்று இருக்கிறது. நேரக் கெடு கிடையாது, ஆனால் உள்ளே நுழைந்து செய்தியைப் படிக்காமல் அவரால் அடுத்த திருத்தத்தைச் சேமிக்க முடியாது. மின்னஞ்சலைப் பார்க்காமலே திருத்திக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தச் செய்தியைப் பார்த்ததும் பதறி மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். குழுவுக்கு எழுதும்போது அவரைப் பற்றிய உங்கள் கணிப்பு வேண்டாம். எந்தத் தேதி, எந்தச் சாலை, நீங்கள் என்ன எழுதினீர்கள், பிறகு என்ன நடந்தது என்பது போதும்.

கேள்வி: எனக்குக் கணினி கிடையாது. போனில் மட்டும், பிழை செய்யாமல் தொடங்க முடியுமா?
— இல்லத்தரசி, காரைக்குடி

முடியும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை நிறுவுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கேள்விகள் முளைக்கும்: இந்தத் தெரு தார்ச்சாலையா சிமென்ட் சாலையா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, இந்த வீட்டின் கதவு எண் என்ன. கோடு வரைய வேண்டியதில்லை, குறிச்சொல் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கடைக்கு முன்னால் நின்று பதில் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து சொல்லாதீர்கள். கடை மூடியிருந்து நேரம் தெரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். "சொல்ல முடியவில்லை" என்பதைத் தட்டி ஒரு குறிப்பு விட்டு வரலாம், அதோடு ஒரு படமும் எடுத்து இணைக்கலாம். அந்தப் பக்கம் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து முடித்துவைப்பார்.